சிறுவனின் விருப்பம்: ஒரு பந்தயப் பகியின் பூர்வீகம்

ஜேர்மனியில் வாழும் என் தமக்கையாரிடமிருந்து சென்ற மாதம் ஓர் அழைப்பு வந்தது. படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்திருக்கும் மகன், ஒரு வருடச் சேமிப்பை "விளையாட்டுக் கார்" ஒன்றிலே கொட்டப்போகிறான் என்பது அவரது முறைப்பாடு. "தம்பி, நீ சொன்னால் கேட்பான். ஒருக்கால் எடுத்துச் சொல்லு" என்றார்.

மருமகனோடு பேசினேன். எடுத்துச் சொல்வதற்கு முன்னர் அவன் என்ன வாங்கப்போகிறான் என்பதை அறிந்துகொள்ள வேண்டுமல்லவா? மறுநாள் இரண்டு பக்கப் பட்டியல் ஒன்றை அனுப்பிவைத்தான். நைற்றோ எரிபொருளில் ஓடும், எட்டில் ஒன்று அளவுடைய தொலைக்கட்டுப்பாட்டுப் பந்தயப் பகி. மூன்றரைக் கன சென்ரிமீற்றர் எஞ்சின், புகைபோக்கிக் குழாய், கிளட்ச் ஸ்பிறிங், மூன்று டிபரன்ஷியல்களுக்கான மூன்று வகை எண்ணெய், நான்கு தொகுதி ரயர் என்று பட்டியல் நீண்டது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்விக்குறி. கடைசியில் ஒரு வரி: "மாமா, இதில் எதை எடுக்கிறது?"

கலைப் பட்டதாரியிடம் கேட்கத்தக்க கேள்வி அல்ல இது. ஆயினும் முப்பது வருடம் பத்திரிகையில் குப்பை கொட்டியவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. விளங்காத ஒன்றைக் கண்டால், அது எங்கிருந்து வந்தது என்று முதலிலே கேட்பான். அப்படிக் கேட்கப்போய்க் கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறேன். தெரிவு செய்யும் வேலையும் இடையிடையே நடக்கும்.

பட்டியலில் ஆகச் சிறியதும் மலிவானதுமான பொருளிலிருந்து தொடங்குகிறேன். கனல்முனை, அதாவது "குளோ பிளக்". மோட்டார் சைக்கிளின் பிளக்கில் பொறி பறக்கும். இதில் பறப்பதில்லை. உள்ளே பிளாற்றினம் கலந்த மெல்லிய சுருட்கம்பி மாத்திரமே இருக்கிறது. தொடக்கத்தில் சிறு மின்கலம் ஒன்றினால் அதைச் செந்நிறமாகச் சூடாக்குவர். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மின்கலத்தைக் கழற்றிவிடலாம். மெதனோல் ஆவி பட்டுக்கொண்டிருக்கும் வரையில் கம்பி தானாகவே கனன்றுகொண்டிருக்கும்.

இந்த விந்தையை முதலில் அவதானித்தவர் ஹம்பிறி டேவி. சுரங்கத் தொழிலாளர்களுக்கான விளக்கைப் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தபோது, எரிவாயுவும் வளியும் கலந்த கலவையினுள் சூடான பிளாற்றினக் கம்பி சுவாலையின்றியே கனல்வதை 1817 இல் அவர் கண்டார். 1823 இல் ஜேர்மானிய இரசாயனவியலாளர் டொபரைனர் இதே இயல்பைக் கொண்டு, ஐதரசன் வாயுவைத் தானாகப் பற்றவைக்கும் விளக்கொன்றைச் செய்தார். அதன் பின்னர் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக மாதிரி எஞ்சின்களில் இது பரவவில்லை. 1930களின் மாதிரி விமான எஞ்சின்கள் சுருள், மின்தேக்கி, மின்கலம் ஆகிய சுமைகளுடனேயே பறந்தன. 1947 இல் அமெரிக்கரான ரே ஆர்டன் கனல்முனையைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அந்தச் சுமை முழுவதும் ஒரே நாளில் வேண்டாததாயிற்று.

ஆனால் சுமையோடு ஒரு வசதியும் போய்விட்டது. பொறி எப்போது பறக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கருவி இங்கே இல்லை. கம்பியின் வெப்பம், சிலிண்டரின் அமுக்கம், எரிபொருளின் கலவை ஆகியவை சேர்ந்தே பற்றும் கணத்தைத் தீர்மானிக்கின்றன. எனவே "சூடான பிளக்கா, குளிர்ந்த பிளக்கா" என்ற மருமகனின் கேள்வி, உண்மையில் எப்போது பற்றவைப்பது என்ற கேள்விதான். நைற்றோ கூடிய எரிபொருளுக்கும் வெயில் நாளுக்கும் குளிர்ந்த பிளக். நைற்றோ குறைந்தால் சூடானது. இதற்கு எண்ணூறு யூரோ தேவையில்லை, சில யூரோக்களே போதும் என்று அவனுக்கு எழுதினேன்.

அடுத்தது எரிபொருள். இங்கேதான் நான் சற்று நின்றுவிட்டேன்.

பகியின் எரிபொருள் மூன்று பொருட்களின் கலவை. மெதனோல் பெரும்பங்கு. உராய்வைத் தடுக்க ஆமணக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ சிறுபங்கு. மிகுதி நைத்திரோமெதேன். ஒரு பங்கு பெற்றோலை எரிக்க எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு வளி வேண்டும். மெதனோலுக்கு 6.5 பங்கு. நைத்திரோமெதேனுக்கோ வெறும் 1.7 பங்கு போதும். தனக்கு வேண்டிய ஒட்சிசனின் ஒரு பகுதியைத் தன் மூலக்கூற்றிலேயே அது சுமந்து வருகிறது. எடைக்கு எடை பார்த்தால் அதன் சக்தி பெற்றோலின் கால்வாசியளவே. ஆனால் ஒரே அளவு வளியில் பெற்றோலைப் போல எட்டு மடங்குக்கு மேல் எரிக்கலாம் என்பதால், கணக்குப் பார்க்கும்போது இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வலு கிடைக்கிறது. 1940களில் அமெரிக்காவில் கம்பியில் கட்டி வட்டமாக ஓடவிடப்பட்ட மாதிரிக் கார்களின் காலத்திலேயே இதை அறிந்துவிட்டனர்.

ஒட்சிசனைத் தானே சுமந்து வரும் எரிபொருளுக்கு இன்னொரு பெயரும் உண்டு. வெடிபொருள். 1958 இல் அமெரிக்காவில் நைத்திரோமெதேன் ஏற்றப்பட்ட ரயில் தாங்கி வண்டிகள் இரண்டு வேறு வேறு இடங்களில் வெடித்தன. அதுவரை அதைச் சாதாரண கரைப்பானாகக் கருதியே தாங்கிகளில் நிரப்பி அனுப்பிக்கொண்டிருந்தனர். 1995 ஏப்ரல் மாதத்தில் ஒக்லஹோமா நகரத்தில் 168 உயிர்களைப் பலிகொண்ட குண்டில், அமோனியம் நைத்திரேற்று உரத்தோடு இதுவும் கலக்கப்பட்டிருந்தது. பந்தய எரிபொருள் என்ற பெயரிலேயே அது வாங்கப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல் இயற்றி 2021 பெப்ரவரி முதல் நடைமுறைப்படுத்திய ஒழுங்குவிதியின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாத பொதுமக்கள் எடையளவில் 16 வீதத்துக்கு மேற்பட்ட நைத்திரோமெதேன் கொண்ட கலவையை வைத்திருக்க முடியாது. நீண்டகாலமாகப் பந்தயங்களில் புழங்கிய எரிபொருள் கன அளவில் 25 வீதம். நைத்திரோமெதேன் பாரமான திரவம் ஆகையால், அது எடைக் கணக்கில் முப்பது வீதத்தையும் தாண்டிவிடும். மறுபுறம் எடையில் 16 வீதம் என்பது கன அளவில் ஏறத்தாழ 12 வீதமே. ஏறக்குறைய பாதிக்குப் பாதி வெட்டு.

மருமகனுக்கு இதில் கோபம். "விளையாடுகிற எங்களை ஏன் மாமா பயங்கரவாதி மாதிரிப் பார்க்கினம்?" என்று கேட்டான். அவனுக்கு இருபத்துநான்கு வயது. 1990 யூன் மாதத்துக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்கலமும் யூரியாவும் பெற்றோலும் தடைப்பட்டியலில் இருந்த கதையை நான் முன்னரும் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். தோட்டக்காரனுக்கு உரம், இராணுவத்துக்கு வெடிமருந்து. மாணவனுக்கு வானொலி மின்கலம், இராணுவத்துக்கு வேறொன்று. ஒரே பொருளுக்கு இரு முகங்கள் இருப்பதைப் பொய்யென்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு தடைகளும் ஒன்றல்ல. அங்கே ஒரு மக்கள்கூட்டத்துக்கே மறுக்கப்பட்டது. இங்கே ஒரு வீதம் குறைக்கப்பட்டிருக்கிறது, பொழுதுபோக்கு தொடர்கிறது. கோபப்படுவதற்கு இது போதாது என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. நான் அப்போது நாளிதழ் ஒன்றில் பயிற்சி நிருபர். சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவோம். வெண்புகை ஊர்முழுவதும் பரவும். பிளக் கரிபிடித்து வழியில் நிற்கும். எங்கள் மெக்கானிக் ஒருவர் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டுத் தலையைச் சரித்துக் காது கொடுப்பார். பின்னர் இன்னும் கால் சுற்று. மானி எதுவும் அவரிடம் இருந்ததில்லை. பகியின் காபுரேற்றர் ஊசியைத் திருப்புவதும் இதே வித்தைதான். எரிபொருள் கூடினால் புகையும் சோம்பலும். குறைந்தால் சத்தம் கூர்மையாகி, வேகம் கூடியது போலத் தோன்றி, வெப்பம் ஏறி, சிலிண்டர் தேய்ந்து போகும். மருமகன் தன் முதலாவது பழைய எஞ்சினை அப்படித்தான் தொலைத்திருந்தான். கூர்மையான சத்தத்தை நம்பிவிட்டானாம்.

நைற்றோ குறைந்த எரிபொருளுக்கு எஞ்சினை எப்படி ஒழுங்குசெய்வது? தலைப்பாகத்தின் கீழுள்ள மெல்லிய தகட்டு வளையங்களில் ஒன்றை எடுத்து அமுக்கத்தைச் சிறிது கூட்டவேண்டும். மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு போதும். வலு குறையும். ஆனால் நைற்றோ குறையும்போது எஞ்சின் குடிக்கும் அளவும் குறைகிறது. உலகப் போட்டியின் இறுதியோட்டம் ஒரு மணி நேரம். பகியின் தாங்கியோ 125 மில்லிலீற்றர் மட்டுமே கொள்ளும். ஒரு தாங்கி எட்டு நிமிடம் ஓடினால் ஏழு தடவை நிரப்ப வேண்டும். பத்து நிமிடம் ஓடினால் ஐந்து தடவை. காபுரேற்றரின் வாயில் ஏழு மில்லிமீற்றர் வளையத்துக்குப் பதிலாக ஆறு மில்லிமீற்றர் வளையத்தை இட்டு வலுவைத் தாமே குறைத்துக்கொள்ளும் ஓட்டுநர்கள் இருப்பதன் காரணம் இதுதான்.

இனி எஞ்சின். இதன் பூர்வீகத்தைத் தேடியபோது கிடைத்த ஓர் ஊரின் பெயர், மருமகன் ஜேர்மனியில் பிறந்து வளர்ந்தும் அறிந்திராதது. சாக்சனி மாநிலத்தின் மலைச்சாரலில் உள்ள சிற்றூர், சோப்பௌ. டென்மார்க்கிலிருந்து குடியேறிய ரஸ்முசன் என்ற தொழிலதிபர் முதலாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே நீராவிக் கார் ஒன்றைச் செய்ய முயன்றார். அதன் ஜேர்மன் பெயரின் எழுத்துக்களே டி.கே.டபிள்யூ. கார் கைகூடவில்லை. போர் முடிந்த கையோடு அதே எழுத்துக்களை வைத்துக்கொண்டு, சிறுவர்களுக்கான இரு அடிப்பு விளையாட்டு எஞ்சின் ஒன்றை வெளியிட்டார். இப்போது அந்த எழுத்துக்களுக்கு விரிவு "டெஸ் க்னாபன் வுன்ஷ்". சிறுவனின் விருப்பம் என்று பொருள். அந்த விளையாட்டுப் பொருளிலிருந்தே பின்னர் உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் உற்பத்தி நிறுவனங்களில் ஒன்று வளர்ந்தது.

இரு அடிப்பு எஞ்சினில் வால்வு கிடையாது. சுவரிலுள்ள துளைகளை பிஸ்டனே திறந்து மூடுகிறது. எரிந்த புகை வெளியேறும் அதே வேளையில் புதிய கலவை உள்ளே வரவேண்டும். இரண்டும் கலந்துவிடாமல் இருக்க, பிஸ்டனின் தலையிலே மேடு வைத்துக் கலவையை மேல்நோக்கித் திருப்புவதே பழைய முறை. 1920களின் நடுப்பகுதியில் பொறியியலாளர் அடோல்ப் ஷ்நூர்லே, புகைத்துளையின் இருமருங்கிலும் சாய்வாகத் துளைகளை அமைத்துக் கலவையை எதிர்ச்சுவரில் மோதித் திரும்பச் செய்தார். மேடு தேவையற்றதாயிற்று. இம்முறையை 1930களின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு எடுத்துக்கொண்டது சோப்பௌவின் அந்த நிறுவனமே. மாதிரி எஞ்சின்களில் அது பரவலாக வர 1970கள் வரை சென்றது. இன்று மருமகனின் பட்டியலில் உள்ள எந்த எஞ்சினைப் பிரித்தாலும் உள்ளே இருப்பது ஷ்நூர்லேயின் துளைகள்தான்.

போருக்குப் பின்னர் சோப்பௌ கிழக்கு ஜேர்மனிக்குள் அகப்பட்டது. தொழிற்சாலை எம்.செட். என்று பெயர் மாறியது. அங்கே பந்தயப் பிரிவின் பொறுப்பை ஏற்றவர் வால்ரர் காடன். போர்க்காலத்தில் பீனமுண்டே ஆயுத ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். பணமில்லை, நல்ல உலோகமில்லை. இருந்தது அலைகாட்டிக் கருவி ஒன்றும் பொறுமையும். புகை வெளியேறும் ஒவ்வொரு தடவையும் குழாயினுள் ஓர் அமுக்க அலை ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து சிலிண்டரைக் காலிசெய்ய உதவுகிறது. குழாய் குறுகும் இடத்திலிருந்து தள்ளும் அலையாகத் திரும்பி வந்து, புகையோடு தப்பியோடப் பார்க்கும் புதிய கலவையை உள்ளே தள்ளிவிடுகிறது. நீளம் சரியாக அமைந்தால் வெறும் தகரக் குழாய் ஒரு காற்றுப்பம்பியாக வேலைசெய்யும். 1961 இல் காடனின் 125 கன சென்ரிமீற்றர் எஞ்சின் 25 குதிரைவலுவைத் தொட்டது. லீற்றருக்கு 200 குதிரைவலு. அதுவரை காற்றை அமுக்கித் திணிக்காத எந்த எஞ்சினும் எட்டாத எல்லை.

அவருடைய முதன்மை ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர். 1961 செப்ரெம்பரில், பேர்லின் சுவர் எழுந்து ஒரு மாதம் கழிந்த நிலையில், உலகப் பட்டத்துக்கு மிக அருகில் இருந்தவர் சுவீடனில் நடந்த பந்தயத்துக்குச் சென்றார். எஞ்சின் பழுதாகிப் பாதியில் நின்றது. அவர் திரும்பிச் செல்லவில்லை. அவரது மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கார் ஒன்றின் பின்பெட்டிக்குள் மறைக்கப்பட்டு மேற்குக்குக் கொண்டுவரப்பட்டனர். டெக்னர் யப்பானுக்குப் போய் சுசுக்கி நிறுவனத்தில் சேர்ந்தார். காடனின் இரகசியங்களும் அவரோடு போயின. மறு ஆண்டே, 1962 இல், 50 கன சென்ரிமீற்றர் பிரிவின் உலகப் பட்டத்தை சுசுக்கி அவர் மூலம் வென்றது. காடன் சோப்பௌவிலேயே இருந்தார். உலகப் பட்டம் ஒன்று எம்.செட்டுக்குக் கடைசிவரை கிடைக்கவேயில்லை.

டெக்னரைத் துரோகி என்பதா? குடும்பத்தைப் பெட்டிக்குள் அடைத்துக்கொண்டு எல்லை தாண்டியவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் துணிவு என் தலைமுறைத் தமிழனுக்கு இல்லை. ஆனால் காடனின் பெயரை இன்று பகி ஓட்டும் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவர் என்று நினைக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

1960களின் நடுவில் அமெரிக்கரான பில் விஸ்னீவ்ஸ்கி போன்றோர் இக்குழாயை மாதிரி வேக விமானங்களுக்குக் கொண்டுவந்தனர். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். பகியின் எஞ்சின் நிமிடத்துக்கு 30,000 தடவை சுழல்கிறது என்று கொள்வோம். ஒரு சுழற்சிக்கு ஒரு செக்கனின் ஐந்நூறில் ஒரு பங்கு. புகைத்துளை அதில் ஏறத்தாழ அரைவாசி நேரம் திறந்திருக்கும். சூடான புகையில் ஒலி செக்கனுக்கு ஐந்நூறு மீற்றருக்குச் சற்று மேலே செல்லும். அந்த நேரத்துக்குள் போய்த் திரும்ப வேண்டுமாயின், குழாயின் பயனுறு நீளம் கால் மீற்றர் அளவில் அமையவேண்டும். மருமகன் அளந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். அவ்வளவுதான் இருந்தது. குறுகிய குழாய் உச்ச வேகத்துக்கு, நீண்டது வளைவிலிருந்து எழுவதற்கு. ஐரோப்பாவில் சத்தக் கட்டுப்பாட்டுக்காகக் குழாய்கள் பரிசோதிக்கப்பட்டு இலக்கமிடப்படுகின்றன. இலக்கமில்லாத மலிவுக் குழாயை வாங்காதே என்று மாத்திரம் சொன்னேன்.

பிஸ்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலுமினியப் பிஸ்டன், உட்புறம் குரோம் பூசிய பித்தளை உறை. வளையம் இல்லை. குளிர்ந்த நிலையில் உறையின் மேற்பகுதி சற்றே ஒடுங்கி பிஸ்டனை இறுகப் பிடிக்கும். சூடேறும்போது பித்தளை கூடுதலாக விரிந்து சரியான இடைவெளி உண்டாகும். ஆகவே புதிய எஞ்சினைக் குளிர்ந்த நிலையில், எரிபொருளை அதிகம் ஊட்டி, மணிக்கணக்காக ஓடவிட்டுப் பழக்க வேண்டும் என்ற பழைய புத்திமதி கெடுதியானது. முதலில் தலைமயிர் உலர்த்தியாலாவது சூடாக்கிவிட்டே இயக்கவேண்டும். ஒசாக்காவில் 1936 இல் ஒகாவா தொடங்கிய யப்பானிய நிறுவனத்தின் எஞ்சினா, இத்தாலியரின் எஞ்சினா என்று மருமகன் இரவிரவாக யோசித்துக்கொண்டிருந்தான். பழக்கும் முறை பிழைத்தால் இரண்டும் ஒன்றுதான்.

மண்தரையில் ஓடும் எட்டிலொன்று பகிகள் 1970களின் பிற்பகுதியில் இத்தாலியிலும் பிரான்ஸிலும் உருவெடுத்தன. முதலாவது உலகப் போட்டி 1986 இல் பிரான்ஸில் நடந்தது. பின்னர் ஜகார்த்தா, பட்டாயா, லாஸ் வேகாஸ், பேர்த் என்று சுற்றியது. 2018 இல் பேர்த்திலும், பெருந்தொற்றினால் தள்ளிப்போய் 2022 இல் ஸ்பெயினில் நடந்த அடுத்த போட்டியிலும் வென்றவர் ஒருவரே, இத்தாலிய இளைஞர் டாவிடே ஒங்காரோ.

நான்கு சில்லும் உந்தப்படும் இந்த வண்டியில் முன், நடு, பின் என மூன்று டிபரன்ஷியல்கள். அவற்றுக்குள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சந்தைக்கு வந்த சிலிக்கோன் எண்ணெய். ஓட்டுநர்கள் "ஐந்து, ஏழு, மூன்று" என்று தொலைபேசி இலக்கம் போலச் சொல்வது அவற்றின் பிசுக்குமையைத்தான், ஆயிரக்கணக்கில். நடுவிலே எண்ணெய் இளகியிருந்தால், மேட்டில் முன்சில்லு எழும்போது வலு அங்கே ஓடி விரயமாகும். வண்டி சாந்தமாகப் போகும், ஆனால் பாயாது. தடித்திருந்தால் பாயும், கரடுமுரடான தரையில் துள்ளிக் குழப்படி செய்யும். பின்னால் இளகிய எண்ணெய் வளைவில் பிடியைத் தரும். புதியவன் ஐந்து, ஏழு, மூன்றில் தொடங்கி ஒரு பருவம் முழுவதும் கைவைக்காமல் ஓட்டவேண்டும் என்பது அவனது கழகத்தின் மூத்தவர் ஒருவரின் கட்டளையாம். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ரயரைப் பற்றி எழுத வரலாறு அதிகமில்லை. ஆனால் நேரத்தைத் தீர்மானிப்பது அதுதான் என்று எல்லோரும் சொல்கின்றனர்.

முடிவில் மருமகன் இப்படிச் செய்திருக்கிறான்: முந்திய வருட மாதிரியில் பாவித்த வண்டி ஒன்று, நடுத்தர விலையில் புதிய எஞ்சின், இலக்கமிட்ட குழாய், மிஞ்சிய பணத்தில் ரயரும் பெயரிங்குகளும். எரிபொருள் 16 வீதம். பட்டியலின் தொகை ஏறக்குறைய அரைவாசியாகியது. மின்சாரப் பகி வாங்கினால் இவ்வளவு தொல்லையில்லையே என்று நானும் கேட்டேன். அவனது கழகத்திலும் பலர் அதற்கு மாறிவிட்டனராம். "அதில் காது கொடுக்க ஒன்றும் இல்லை மாமா" என்றான்.

இலைதுளிர் காலத்தில் சோப்பௌவுக்குப் போய், கோட்டையிலுள்ள மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகத்தைப் பார்த்துவர எண்ணியிருக்கிறான். போகும்போது அக்காவையும் கூட்டிச் செல்லும்படி சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.